வீல்சேரில் இருப்பவரை வண்டியில் கூட்டிப்போவது எப்படி?

அண்ணன் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு 11 வருடம் ஆகிறது. மருத்துவமனையிலிருந்து அவனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில் எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர் ஒருவரின் ஆம்னி வேன். நடு சீட்டைக் கழற்றிவிட்டு வீல்சேரோடு அப்படியே உள்ளே ஏற்றினோம். தேங்காய் நார்க் கயிற்றை முன் சீட்டின் காலோடு சேர்த்து நாற்காலியின் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். நல்ல கட்டுதான், இன்றைக்கும் சொல்வேன். கடையநல்லூர் தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக் போட்டார். நாற்காலி அசையவில்லை. அண்ணன் மட்டும் அதிலிருந்து வழுக்கி, முன் சீட்டுக்கு அடியில் முழங்கால் மடங்கிப் போய் விழுந்தான். "ஒண்ணும் இல்லல" என்றான். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி கிடையாது. மறுநாள் காலையில் கால் வீங்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எலும்பு முறிந்தது தெரிந்தது. அசைவில்லாத காலில் எலும்பு சீக்கிரம் பலவீனமாகிவிடும், சின்ன அடியிலேயே முறியும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாற்காலியைக் கட்டினேன், ஆளைக் கட்டவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைச் சுற்றித்தான். வண்டிக்குள் நாற்காலி ஒரு சாமான், அதில் இருப்பவர் ஒரு பயணி. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டு வேண்டும்.

கார் சீட்டில் உட்கார முடியுமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இது. முடியும் என்றால், கொஞ்சம் சிரமப்பட்டாலும் சரி, வீல்சேரிலிருந்து கார் சீட்டுக்கு மாறி உட்காருவதே நல்லது. கார் சீட்டையும் அதன் பெல்ட்டையும் மோதல் வந்தால் ஆளைத் தாங்குவதற்காகவே செய்திருக்கிறார்கள். மெடிக்கல் கடையில் வாங்கும் சாதாரண மடக்கு வீல்சேர் வீட்டுக்குள்ளும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஓடுவதற்காகச் செய்தது.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதினால், உள்ளே இருப்பவருக்கு அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். வீல்சேர்களைப் பரிசோதிக்கும் சர்வதேசத் தரம் ஒன்று உண்டு, ஐஎஸ்ஓ 7176-19 என்பது அதன் எண். அதில் 48 கிலோமீட்டர் வேகத்தில், புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசையில் முன்பக்க மோதலைச் செய்து பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் 20 கிலோ வீல்சேர் ஒரு கணத்துக்கு 400 கிலோவாக இழுக்கும். 100 கிலோ பேட்டரி வீல்சேர் 2,000 கிலோவாக இழுக்கும். என் நார்க் கயிறு அன்றைக்குத் தாங்கியது ஆட்டுக்காகப் போட்ட பிரேக்கை மட்டும்தான்.

வீல்சேரிலேயே உட்கார்ந்து பயணம் செய்தே ஆகவேண்டியவர்களும் இருக்கிறார்கள். உடம்புக்கென்று வடிவமைத்த சீட் இல்லாமல் உட்கார முடியாதவர்கள், கழுத்து நிற்காதவர்கள், தூக்கினாலே வலியில் துடிப்பவர்கள், கனமான பேட்டரி நாற்காலிக்காரர்கள். அவர்களுக்கான முறை பின்னால் வருகிறது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

ஒரு டேப் எடுத்து வீல்சேர் சீட்டின் உயரத்தை, குஷனோடு சேர்த்து, அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கார் சீட்டும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தாழ்வான செடான் காரில் இறங்கி உட்காருவது சுலபம், திரும்ப மேலே ஏற்றும்போதுதான் இடுப்பு கழன்றுபோகும். உயரமான எஸ்யூவியில் நிலைமை தலைகீழ். வேகன்ஆர் மாதிரி நிமிர்ந்த கார்கள் எங்கள் வீட்டுக்கு ஒத்துவருகின்றன. முன் இடப்பக்க சீட்டே பெரும்பாலும் வசதி. கதவு அகலமாகத் திறக்கும், சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் வைக்க இடம் கிடைக்கும். ஏறின பிறகும் அந்த சீட் பின்னாலேயே இருக்கட்டும், முன்னால் ஏர்பேக் இருக்கிறது.

ஆம்னி, ஈக்கோ போன்ற வண்டிகளில் முன் சீட்டை நான் தவிர்ப்பேன். எஞ்சின் அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. நமக்கு லேசாகச் சுடும், எழுந்து உட்காருவோம். உணர்ச்சியில்லாத உடம்புக்கு அந்தச் சூடு தெரியாது, இரண்டு மணி நேரம் கழித்துக் கொப்புளமாகத்தான் தெரியும்.

டாக்சி பிடிப்பதானால் டிரைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முக்கியமாக டிக்கியைப் பற்றிக் கேளுங்கள். கேஸ் வண்டி என்றால் டிக்கியில் சிலிண்டர் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வாசலில் வந்து நின்ற பிறகு "நாற்காலி பிடிக்காதே சார்" என்று அவர் தலையைச் சொறிவதைப் பலமுறை பார்த்தாயிற்று.

கிளம்புவதற்கு முன்

யூரின் பேக்கைக் காலி செய்யுங்கள். பேக் இல்லாதவர் என்றால் கிளம்பும் நேரத்தில் கேத்தீட்டர் (மூத்திரக் குழாய்) போட்டு மூத்திரத்தை எடுத்துவிடுங்கள். உடை விஷயத்தில் வேட்டியும் லுங்கியும் வேண்டாம். தூக்கும்போது நழுவும், ஆள் கூசிப்போவார், நம் கவனமும் அதில் போய்விடும். ட்ராக் பேன்ட் நல்லது. ஜீன்ஸின் பின் பாக்கெட்டில் உள்ள பித்தளைக் குமிழ், பாக்கெட்டில் மறந்துபோன பர்ஸ், சாவி, இதெல்லாம் ஒரு மணி நேரம் அழுத்தினால் புண்ணாகிவிடும். காலுக்கு ஷூவோ மூடிய செருப்போ போடுங்கள், தொங்கும் விரல் கதவில் நசுங்குவது நடக்கிற காரியம்.

அப்புறம் வெயில். சித்திரை மாதத்தில் வெயிலில் நின்ற காரின் சீட்டையும் பெல்ட் கொக்கியையும் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கதவுகளைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் ஏசி ஓடட்டும். சீட்டில் கெட்டியான துண்டு விரியுங்கள். கொக்கியை உங்கள் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே அவர் மேல் படவிடுங்கள். கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு தானாகக் குளிராது. அவர்களை "ரெண்டு நிமிஷத்தில் வந்துடறேன்" என்று நிறுத்தின காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றும் ஈரத்துண்டும் பையில் இருக்கட்டும்.

வீல்சேரிலிருந்து சீட்டுக்கு

முதல் தடவை இதை வாசலில் வைத்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே பிசியோதெரபிஸ்ட்டையோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையோ உங்கள் கார் வரைக்கும் கூட்டிவந்து, அந்தக் காரில், அந்த ஆளை வைத்தே செய்து காட்டச் சொல்லுங்கள். வார்டில் கட்டிலுக்கு மாற்றுவது வேறு, கதவுச் சட்டம் தலையில் இடிக்கும் காருக்கு மாற்றுவது வேறு. வேலூர் சிஎம்சியில் 1966இல் மறுவாழ்வு மையம் தொடங்கியபோது அதற்கு முன்னின்ற டாக்டர் மேரி வர்கீஸே 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், வீல்சேரில் உட்கார்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தவர். இந்தத் துறை நம் ஊருக்குப் புதிதல்ல, சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக், கியர் இரண்டும் போடுங்கள். கதவை முழுதாகத் திறந்துவிட்டு வீல்சேரைக் காரின் முகம் இருக்கும் பக்கமே திருப்பி, சீட்டுக்குச் சற்றுச் சாய்வாக, முடிந்தவரை ஒட்டி நிறுத்துங்கள். நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போட்டபின் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயரில் பிரேக் பிடிக்காது. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் முன்பக்கமாக நீட்டி நிற்கவேண்டும், பின்னால் மடங்கியிருந்தால் ஆள் நுனிக்கு நகரும்போது நாற்காலி குப்புறச் சாயும். கார் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஃபுட்ரெஸ்ட்டை மடக்கி ஒதுக்குங்கள்.

இப்போது கேளுங்கள், "தூக்கட்டுமா?" என்று. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவது அவராக இருக்கட்டும். அண்ணன் எங்கள் வீட்டில் போட்ட சட்டம் இது: "ஏல, நான் மூணு சொன்ன பிறகு தூக்கு." காரணம் மரியாதை மட்டுமல்ல. அவர் எதிர்பார்க்கிற நொடியில் தூக்கினால் அவருடைய கையும் கழுத்தும் நமக்கு ஒத்துழைக்கும். திடீரென்று தூக்கினால் கால்கள் வெட்டி இழுக்கும், அந்த இழுப்பில் இரண்டு பேரும் சாய்வோம்.

கையில் பலம் உள்ளவருக்கு ஸ்லைடிங் போர்டு போதும். வழவழப்பான அந்தப் பலகையின் ஒரு முனை தொடைக்கு அடியில், மறு முனை கார் சீட்டில் நன்றாகப் படிந்து இருக்கவேண்டும். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்து, ஒரு கையைச் சீட்டில் ஊன்றி, தலையைக் காருக்கு எதிர்ப்பக்கம் முன்னால் குனிந்து சாய்த்தால், இடுப்பு தானாகக் கார் பக்கம் எழும்பும். தலை ஒரு திசை, இடுப்பு அதற்கு எதிர்த் திசை. இந்த ஒரு சூட்சுமம் பிடிபட்டால் நீங்கள் தூக்க வேண்டிய எடை பாதியாகக் குறையும். சின்னச் சின்ன எழும்பல்களாக நகரட்டும். இழுத்துத் தேய்த்தால் தோல் உரியும், பெட்சோர் என்கிற படுக்கைப்புண் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கொஞ்சம் நிற்க முடிந்தவரை எழுப்பி, திருப்பி உட்காரவைக்கலாம். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேன்ட்டைப் பிடித்து இழுக்கவேண்டாம். அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்குவதும் வேண்டாம், பக்கவாதம் வந்த தோள் மூட்டு அதில் எளிதாக நழுவும். அவருடைய முழங்காலை உங்கள் முழங்காலால் முன்பக்கம் அணைகட்டினால் கால் மடங்காது. உட்காரும் நொடியில் உங்கள் ஒரு கை அவர் தலைக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கட்டும்.

பக்கவாதக்காரருக்கு ஒரு நுணுக்கம் உண்டு. பலமான பக்கம் காரை நோக்கி இருந்தால் ஏறுவது சுலபம். நம் ஊரில் முன் இடப்பக்க சீட்டில் ஏறும்போது அவருடைய வலக்கைதான் கார் பக்கம் வரும். வலப்பக்கம் விழுந்துபோனவருக்கு இது இடக்கு. அப்போது வலப்பக்கப் பின் கதவில் ஏற்றிப் பாருங்கள், ஆனால் அது சாலையில் வண்டிகள் போகும் பக்கம் என்பதால் தெருவுக்குள் தள்ளி நிறுத்திச் செய்யவேண்டும். எந்தப் பக்கம் ஏறினாலும், அதே கதவில் இறங்கும்போது பலமான பக்கமும் பலவீனமான பக்கமும் இடம் மாறிவிடும். ஏறியது சுலபமாக இருந்தது என்று இறங்கும்போது அசட்டையாக இருந்து விழுந்தவர்கள் உண்டு.

இரண்டு பேர் தூக்குவதானால் பலசாலி பின்னால் நிற்கவேண்டும். அவர் பயணியின் கைகளை மார்பில் மடக்கிவைத்து, பின்னாலிருந்து தன் கைகளை நுழைத்து அந்த முன்கைகளைப் பிடித்துக்கொள்வார். மற்றவர் முழங்கால்களுக்கு அடியில் பிடிப்பார். தோள் பிடிமானம் இல்லாதவரை இப்படித் தூக்கக் கூடாது. வழியில் போகிற நல்ல மனசுக்காரர் ஓடிவந்து காலை மட்டும் பிடித்து இழுப்பார், அவரை அன்போடு நிறுத்திவையுங்கள்.

இடுப்பு உட்கார்ந்த பிறகு கால்களை ஒவ்வொன்றாக, முழங்காலிலும் கணுக்காலிலும் தாங்கி உள்ளே வையுங்கள். பாதம் முறுக்கிக்கொண்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அவர் சொல்லமாட்டார், அவருக்குத் தெரியாது.

சீட் பெல்ட்

இடுப்புப் பட்டை தொடைக்கு மேலே, இடுப்பெலும்பில் தாழ்வாகப் படியவேண்டும். வயிற்றின் மேல் ஏறியிருந்தால் மோதலில் குடலை அறுக்கும். கேத்தீட்டர் குழாய் பட்டைக்கு அடியில் மாட்டக் கூடாது, பேக் எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கவேண்டும். தோள் பட்டை தோளின் நடுவில், கழுத்தை அறுக்காமல் போகட்டும். அசதியாக இருக்கிறது என்று சீட்டை ரொம்பச் சாய்க்காதீர்கள், மோதினால் ஆள் பட்டைக்கு அடியில் வழுக்கிப்போவார். பின் சீட்டில் பெல்ட் எதற்கு என்பவர்களுக்கு: பின் சீட்டிலும் கட்டாயம், கட்டாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

இடுப்புக்கு மேலே பலம் இல்லாதவர் ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் சாய்வார். இரண்டு பக்கமும் சின்னத் தலையணை செருகலாம். கூடுதலாக மார்புப் பட்டை ஒன்று கட்டலாம், ஆனால் அது நிமிர்ந்து உட்காருவதற்கான துணைதான், காரின் பெல்ட்டுக்கு மாற்று ஆகாது. நீண்ட பயணத்தில் அவருடைய குஷனைக் கார் சீட்டில் போட்டு உட்காரவைத்தால், உயரம் கூடியதால் பெல்ட் இடம் மாறியிருக்கும், திரும்பச் சரிபாருங்கள்.

வீல்சேரை டிக்கியில் படுக்கவையுங்கள். கழற்றிய ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி எல்லாம் ஒரே பையில் போகட்டும். சீட்டுகளுக்கு நடுவில் நிறுத்திவைத்தால் பிரேக்கில் அது பறந்து வரும்.

வீல்சேரிலேயே உட்கார்ந்து போவதானால்

இதற்கென்று மாற்றியமைத்த வண்டி வேண்டும். முதலில் சாய்தளம். வண்டியின் தளம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கு ஒன்று சரிவு வேண்டுமானால் பலகை 2.4 மீட்டர் நீளம் இருக்கவேண்டும். ஒன்றரை மீட்டர் பலகையை விற்பவர் "ஈசியா ஏத்தலாம் சார்" என்பார். காலி நாற்காலியை ஏற்றிக் காட்டுவார். ஆளோடு ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பலகை தாங்கும் எடையையும் கேளுங்கள், அதில் நாற்காலி, ஆள், தள்ளுபவர் மூவரும் சேரவேண்டும். ஏறும்போது முகம் வண்டியை நோக்கி, தள்ளுபவர் பின்னால். இறங்கும்போது அதேபோல் முகம் வண்டிப் பக்கமே இருக்க, பின்னோக்கி இறக்கவேண்டும். எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் நிற்பது உதவியாளர்.

உள்ளே நாற்காலி முன்னோக்கித்தான் நிற்கவேண்டும். இடம் பத்தவில்லை என்று பக்கவாட்டில் நிறுத்துவது இங்கே சகஜம், அது ஆபத்து. பக்கவாட்டு இழுப்பை உடம்பும் தாங்காது, மடக்கு நாற்காலியும் தாங்காது. அவருக்கு முன்னால் 65 சென்டிமீட்டர், தலைக்குப் பின்னால் 40 சென்டிமீட்டர் காலியிடம் இருக்கட்டும். தோள் பட்டை இல்லாமல் இடுப்புப் பட்டை மட்டும்தான் என்றால் முன்னால் 95 சென்டிமீட்டர் வேண்டும். மோதும்போது தலை அவ்வளவு தூரம் வீசப்படும்.

கட்டுவது இந்த வரிசையில்:

1. பேட்டரி நாற்காலி என்றால் சுவிட்சை அணைத்து, மோட்டார் சக்கரத்தோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டு, பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றித் தனியே கட்டிவையுங்கள்.
2. முன் பட்டைகள் இரண்டையும் நாற்காலிச் சட்டத்தில் மாட்டுங்கள். தரையில் இவற்றின் கொக்கிகள் நாற்காலியைவிடச் சற்று அகலமாக இருந்தால் பக்கவாட்டு ஆட்டம் குறையும்.
3. நாற்காலியைப் பின்னால் தள்ளி முன் பட்டைகளை விறைப்பாக்கி, பிரேக் போடுங்கள்.
4. பின் பட்டைகள் இரண்டையும் நேர் பின்னாலிருந்து மாட்டி இறுக்குங்கள். தரையோடு முன் பட்டைகள் 40 முதல் 60 டிகிரியும், பின் பட்டைகள் 30 முதல் 45 டிகிரியும் சாய்ந்திருக்கலாம்.
5. நாற்காலியைப் பிடித்து ஆட்டுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் திரும்ப இறுக்குங்கள்.

பட்டையை எதில் மாட்டுவது என்பதில்தான் பலரும் தவறுவார்கள். சக்கரம், கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் போன்ற கழலும் பாகங்கள் எதிலும் கூடாது. வெல்டிங் செய்த பிரதான சட்டத்தில் மட்டும் மாட்டவேண்டும். மோதல் பரிசோதனையில் தேறிய நாற்காலிகளில் நாலு இடங்களில் கொக்கிப் படம் போட்ட அடையாளம் இருக்கும். புது நாற்காலி வாங்கும்போது, வண்டியில் உட்கார்ந்து போகும் உத்தேசம் இருந்தால், அந்தப் படத்தைத் தேடுங்கள், 7176-19 என்ற எண்ணைக் கேளுங்கள். வண்டித் தரையிலும் கொக்கி தகரத்தில் திருகியதாக இருக்கக் கூடாது. அடிச்சட்டம் வரை போல்ட் போட்டு, கீழே தகடு கொடுத்திருக்கவேண்டும். வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் போட்டுத்தரும் வளையத்தை நம்பி 100 கிலோ நாற்காலியைக் கட்டவேண்டாம்.

நாற்காலி நின்றுவிட்டது. இனி ஆள். நாற்காலியோடு வரும் சின்னத் துணிப் பட்டை சரிந்து விழாமல் இருக்க உதவும், மோதலில் அறுந்துபோகும். ஆளுக்கான பெல்ட் வண்டியிலேயே பொருத்தியதாக இருக்கவேண்டும். இடுப்புப் பட்டையைக் கைப்பிடிக்கு வெளியே சுற்றிப் போட்டால் உடம்புக்கும் பட்டைக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழும். கைப்பிடிக்கும் சீட்டுக்கும் இடையில் உள்ள சந்து வழியாக நுழைத்து, இடுப்பெலும்பில் படியவையுங்கள். தோள் பட்டை வண்டியின் சுவரில் தோளுக்கு மேலேயிருந்து வரட்டும். நாற்காலியில் கழுத்தைத் தாங்கும் ஹெட்ரெஸ்ட் இருப்பது நல்லது, பின்னாலிருந்து வேறு வண்டி இடித்தால் அதுதான் காப்பாற்றும்.

ஐந்து நிமிட வேலை. பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று விடுகிற நாளில்தான் ஆடு குறுக்கே வரும்.

ஓட்டும்போது

நாம் வளைவில் காலை ஊன்றிக்கொள்வோம், பிரேக்கில் கையை ஊன்றுவோம். அவருக்கு அது இல்லை. அதனால் வேகத்தடையை ஏறி இறங்குவதும் ரவுண்டானாவில் திரும்புவதும் முட்டைக் கூடை வைத்திருப்பது போலச் செய்யவேண்டும். முன்வண்டியோடு ஒட்டி ஓட்டாவிட்டால் திடீர் பிரேக்குக்கு அவசியம் குறைவு. பெரிய வளைவோ பள்ளமோ வந்தால் "அண்ணே, பள்ளம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் கையால் எதையாவது பிடித்துக்கொள்வார்.

மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அவரை முன்னால் குனியவைத்து, பிறகு ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து, பிட்டத்தின் மேல் உள்ள பாரத்தைப் பக்கத்துக்கு ஒரு நிமிடமாவது எடுங்கள். முடிந்தவர்கள் ஓடும் வண்டியிலேயே கால் மணிக்கொருமுறை லேசாகச் சாய்ந்து மாற்றிக்கொள்ளலாம், பெல்ட்டைக் கழற்றாமல்.

நெஞ்சுக்கு மேலே, அதாவது முதுகுத்தண்டின் மார்புப் பகுதியில் ஆறாவது கணுவிலோ அதற்கு மேலோ, அடிபட்டவரைக் கூட்டிப்போகிறவர்கள் ஒரு ஆபத்தைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். குழாய் மடங்கி மூத்திரம் நிரம்பினாலோ, பெல்ட்டோ ஷூவோ இறுக்கினாலோ, உடம்பு அந்த வலியை வலியாகச் சொல்லாது. ரத்த அழுத்தமாகச் சொல்லும். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை. உடனே வண்டியை ஓரம்கட்டி அவரை நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். இறுக்கமான எல்லாவற்றையும் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா, பேக் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரி. வழியில் டீக்கடையில் நின்று யோசிக்கும் சமாசாரமல்ல, பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும்.

ஆட்டோ, பஸ்

ஆட்டோவில் பெல்ட் கிடையாது, அதனால் குறைந்த தூரத்துக்கு மட்டும். துணைக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அணைத்துக்கொள்ளவேண்டும். நாற்காலியை பின்னால் கட்டினால் மீட்டருக்கு மீட்டர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகவேண்டியிருக்கும், மடக்கி உள்ளே கால் பக்கம் வைக்க முடிந்தால் வையுங்கள். வெளியே நீட்டியிருக்கும் கால் இங்கேதான் அதிகம் அடிபடும்.

சென்னையில் 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை மறுபடி விட்டிருக்கிறது. நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கமாகத் தாழும், கதவில் சாய்பலகை இருக்கிறது. டிரைவர் கண்ணில் படும் இடத்தில் காத்திருந்து கையைக் காட்டுங்கள். உள்ளே போனதும் வீல்சேருக்கான இடத்தில் நிறுத்தி, அங்குள்ள பெல்ட்டை மாட்டி, இரண்டு பிரேக்கையும் போட்ட பிறகே கண்டக்டரிடம் "ரைட்" சொல்லச் சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

நாற்காலியை முதலில் இறக்கி, விரித்து, குஷன் போட்டு, பிரேக் பார்த்துவிட்டு, அதன் பிறகு அவருடைய பெல்ட்டைக் கழற்றுங்கள். இந்த வரிசை மாறினால் அவர் கதவு திறந்த சீட்டில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார், நீங்கள் டிக்கியில் சக்கரம் தேடிக்கொண்டிருப்பீர்கள். குஷன் முன்பின் மாறிப்போகும், அதையும் பாருங்கள். தரைப் பக்கம் எது, முன்பக்கம் எது என்று நாங்கள் மார்க்கரால் எழுதியே வைத்திருக்கிறோம்.

ராத்திரி படுக்கவைத்ததும் பிட்டம், வால் எலும்பு, தொடையின் வெளிப்பக்கம், குதிகால் நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தானே பார்க்க விரும்புகிறவருக்குப் போனில் படம் எடுத்துக் காட்டலாம். நிறம் மாறிய இடம் அரை மணி நேரத்தில் பழைய நிறத்துக்கு வரவில்லை என்றால் மறுநாள் திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். போன தைப்பொங்கலுக்குச் சங்கரன்கோவில் போனபோது அண்ணனுக்கு இடது குதிகாலில் அப்படி ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. இரண்டு நாள் கூடத் தங்கினோம். அத்தை வீட்டில் அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.